நாற்பத்து மூன்றாவது கேள்வி

டயர்க் கடைக்கு மேலே எங்கள் அலுவலகம்.
படியேறும் சத்தத்தை வைத்தே
எத்தனை நாற்காலி போடுவதென்று கணக்கிடுவேன்.
இன்று ஒரு கனத்த செருப்பு, ஒரு லேசான செருப்பு.
இரண்டு போட்டேன்.
தப்பு.
நல்ல கையில் இன்னொன்று தூங்கிக்கொண்டிருந்தது,
மற்றக் கை கழுத்திலிருந்து தொங்கும் துணியில்.

பாடாங் செராயில் எல்லாருக்கும் நான் டீச்சர்.
ஒருநாளும் பாடம் நடத்தியதில்லை.
பெயர் கேட்பேன், தேதி கேட்பேன்,
பிறப்புப் பத்திரத்தின் நகல் கேட்பேன்,
இல்லையென்றால் ஏன் இல்லை என்று கேட்பேன்.
பாரத்தில் நாற்பத்திரண்டு கேள்விகள்.
சிலர் பன்னிரண்டாவதில் அழுதுவிடுவார்கள்.
பன்னிரண்டு: இரவில் வீட்டில் யார் இருப்பார்?

ஜெகதீசன், முப்பத்தாறு, குலை வெட்டுபவர்.
போன மாதம் இருபது கிலோச் செம்பனைக் குலை
கம்பை ஏமாற்றிவிட்டுத் தோளில் இறங்கியது.
அலோர் ஸ்டாரில் ஆப்பரேஷன், அப்புறம் படுக்கை.
"மூணு மாசம்தான் டீச்சர். எழுதிக்குங்க, மூணு மாசம்."
எழுதிக்கொண்டேன்.
மனைவி?
"ஜொகூருக்குப் போயிருச்சு."
ஜொகூரில் எங்கே?
"ஜொகூருங்க."
ஒரு மாநிலம் முழுவதையும்
ஓரங்குலக் கட்டத்துக்குள் எழுதினேன்.

தடுப்பூசி அட்டை? தெரியல.
ஒவ்வாமை? அப்டின்னா?
சின்னவள் எப்போது பேச ஆரம்பித்தாள்?
"நான் வேலைக்காட்டுல இருந்தேன் டீச்சர்."
ஒவ்வொரு தெரியலக்குப் பின்னாலும்
பெரியவள் திஷாலினி, ஒன்பது வயது,
மைலோ தம்ளருக்குள் பார்த்தபடி பதில் சொன்னாள்.
அட்டை பிஸ்கட் டின்னுல இருக்கு.
இறா தின்னா உதடு வீங்கும்.
மொதல்ல சொன்னது 'போ'.

அச்சில் இல்லாத கேள்வி ஒன்று உண்டு.
போன வருடம் ஓர் இல்லத்திலிருந்து
நள்ளிரவு தாண்டி இரண்டு மணிக்குப் போன்:
இந்தப் பையன் என்னமோ கேட்டு அழறான்,
என்னன்னே புரியல.
எனக்கும் புரியவில்லை.
ஏழு பக்கம் இருந்தது அவன் கோப்பு.
அதற்குப் பிறகு ஓரத்தில் பென்சிலால் எழுதுகிறேன்:
ராத்திரி முழித்துக்கொண்டால்
என்ன செய்தால் தூங்கும்?

ஜெகதீசன் முதல்முறை நிமிர்ந்து பார்த்தார்.
"காது டீச்சர்."
காதா?
"அக்கா காதப் புடிச்சாத்தான் தூங்குவா.
ஒரு காதுதான். மத்ததக் குடுத்தா தள்ளிவிட்டுருவா.
எங்காது வேணாமாம், சொரசொரன்னு இருக்காம்."
தெரிந்த பதில் கிடைத்த மாணவன்போல்
சொல்லிக்கொண்டே போனார்.
திஷாலினி காதோர முடியை ஒதுக்கிக் காட்டினாள்,
கேட்ட பத்திரத்தை எடுத்து நீட்டுவதுபோல்.
கம்மல் இல்லை.
"அவளுக்குக் குத்தும்னு கழட்டிட்டேன்."

சுங்கைப்பட்டாணியில் ஆறு வயதுக்கு மேல்தான் எடுப்பார்கள்.
சின்னவளுக்கு நான்கு.
பட்டர்வொர்த்தில் போனை எடுக்கவே இல்லை.
கூலிமில் புஷ்பலீலா எடுத்தாள்.
"ரெண்டு பேருக்கு எங்க போவேன்?
ஒரு கட்டில்தான் காலி."
ஒரு கட்டில் போதும் என்றேன்.
"தலைக்கு ஒரு கட்டில்னு ரூல் இருக்கே,
நீதானே எனக்கு அத அனுப்பினே?"
நான்தான் அனுப்பினேன்.
கையெழுத்தும் என்னுடையதுதான்.
காது விஷயத்தைச் சொன்னேன்.
அந்தப் பக்கம் ஒரு குழந்தை இருமியது, கதவு சாத்தப்பட்டது,
யோசிச்சுச் சொல்றேன் என்று வைத்துவிட்டாள்.

அவர்கள் இறங்கிப் போனார்கள்,
கனத்தது, லேசானது, சத்தமே இல்லாதது.
இன்றைக்குப் பக்கத்து வீட்டுக்காரி பார்த்துக்கொள்வாளாம்.
நாளைக்கு அவளுக்கு நைட் ஷிப்ட்.
கீழே காற்றடிக்கும் இயந்திரம் உறுமி அடங்கியது.
தம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்தேன்.
மேசைமேல் இன்னும் ஐந்து பாரங்கள்,
அவற்றில் இரண்டு போன வாரத்தவை.
'குறிப்பு' என்ற கட்டத்தில் என்ன எழுதுவது?
அக்காவைப் பிரிக்க வேண்டாம் என்றா,
காதைப் பிரிக்க வேண்டாம் என்றா?

விளக்கை அணைக்கும்போது கைப்பேசி மினுங்கியது.
புஷ்பலீலா.
வணக்கமில்லை, சரியென்றும் இல்லை.
இரண்டே சொல்:
இடதா வலதா?